ரப்பர் இலையில் பூ செய்த டீச்சர்

பாட்டி வீட்டு அலமாரியில் 71 குவளைகள் இருந்தன. எல்லாம் ஆசிரியர் தினப் பரிசுகள். ஒன்றில்கூடப் பாட்டி தேநீர் குடித்து நான் பார்த்ததில்லை. அவர் குடித்தது கைப்பிடி உடைந்த ஒரு பழைய எனாமல் குவளையில்தான். சென்ற ஆண்டு நவம்பரில், 77 வயதில் பாட்டி இறந்தார். பதினாறாம் நாள் காரியம் முடிந்ததும் நானும் அம்மாவும் சுங்கை சிப்புட்டில் அந்த வீட்டை ஒழுங்குபடுத்த உட்கார்ந்தோம். குவளைகளை எண்ணியது நான். ஒவ்வொன்றின் அடியிலும் ஒட்டு நாடாவில் கொடுத்த பிள்ளையின் பெயரும் ஆண்டும் எழுதியிருந்தன.

இன்னோர் அலமாரியில் 5 பிஸ்கட் டின்கள். பிஸ்கட் டின்னைத் திறந்தால் உள்ளே தையல் ஊசி இருக்கும் என்பது நம் எல்லார் வீட்டுக்கும் தெரிந்த ஏமாற்றம்தானே. பாட்டி டின்னில் ஊசி மட்டும் இல்லை. மெல்லிய கம்பிகள், பச்சை நாடா, தேய்ந்த பல் தூரிகைகள் ஏழெட்டு, பிறகு ஒரு பழைய தொலைபேசிப் புத்தகம். அதன் பக்கங்களுக்கு நடுவே, ஏறக்குறைய ஒன்றுமே இல்லாததுபோல, ரப்பர் இலைகள். இலை என்றால் முழு இலை இல்லை. பச்சையெல்லாம் போய் நரம்பு மட்டும் மிஞ்சிய, கொசு வலையைவிட மெல்லிய இலைகள். அந்தப் பக்கத்தைப் புரட்டியபோது வந்த காற்றுக்கே ஒன்று எழுந்து பறந்தது.

அந்த இலைகளைக் கொண்டு பூ செய்பவர் என் பாட்டி. 35 ஆண்டுகள் தமிழ்ப்பள்ளி ஆசிரியை. நான்கு பிள்ளைகளின் தாய். சுங்கை சிப்புட் சந்தைக்கு அவரோடு போனால் காய்கறி வாங்க இரண்டு மணி நேரம் ஆகும். பத்தடிக்கு ஒருவர் "டீச்சர்!" என்று நிறுத்துவார்.

மங்கு துடைத்த கை

சுங்கை சிப்புட் என்றால் நத்தை ஆறு என்று பொருள். ஈப்போவிலிருந்து கோலகங்சார் போகும் பழைய சாலையில் இருக்கும் சிறிய ஊர். நம் வரலாற்றுப் பாட நூலில் இந்த ஊர் ஒரே ஒரு நாளுக்காகத்தான் வரும். 1948 ஜூன் 16-ஆம் தேதி எல்பில் தோட்டத்தில் ஆர்தர் வாக்கர் என்ற ஆங்கிலேய நிர்வாகி சுட்டுக் கொல்லப்பட்டார். அன்று காலையே இன்னொரு தோட்டத்தில் மேலும் இருவர். அதைத் தொடர்ந்து அவசரகாலம் அறிவிக்கப்பட்டது. தேர்வுக்கு இதுவரை படித்தால் போதும். ஆனால் அதே ஜூன் 16-ஆம் தேதிதான், 1919-இல், துன் வீ.தி. சம்பந்தன் இதே ஊரில் பிறந்தார் என்பதை எந்த ஆசிரியரும் எனக்குச் சொன்னதில்லை. பாட்டிதான் சொன்னார்.

பாட்டி பிறந்ததும் அந்த 1948-இல்தான். அவருடைய அம்மா பால்மரம் வெட்டியவர். விடியலுக்கு முன் பெரட்டுக்குப் போகும் அம்மாவோடு போய், நிரையில் மங்கு துடைத்து வைத்துவிட்டு, பிறகுதான் பள்ளிக்கு ஓட வேண்டும். தம்பியை ஆயாக் கொட்டகையில் விடுவதும் அவர் வேலைதான். "என் கையில எப்பவும் ஒட்டுப்பால் வாசம். சிலேட்டுகூட அந்த வாசம் வீசும்" என்பார்.

தோட்டப்பள்ளிகள் எப்படி வந்தன என்று நாம் கேட்பதில்லை. தோட்டத்தில் பள்ளி வயதுப் பிள்ளைகள் பத்துப் பேர் இருந்தால் நிர்வாகம் பள்ளி வைத்துத் தர வேண்டும் என்று 1912-ஆம் ஆண்டுத் தொழிலாளர் சட்டம் சொன்னது. பள்ளி வேண்டும் என்றுதான் சட்டம் சொன்னது. எப்படிப்பட்ட பள்ளி என்று யாரும் கவலைப்பட்டதாகத் தெரியவில்லை. பல இடங்களில் அது ஒரு கொட்டகை. எழுதப் படிக்கத் தெரிந்த ஒருவரே ஆசிரியர். அவரே சில இடங்களில் கிராணி வேலையும் பார்த்தார். பால் வெட்டத் தேவையான அளவுக்குப் படிப்பு போதும் என்ற கணக்கு அது. மலாயா சுதந்திரம் பெற்ற 1957-இல் நாட்டில் 888 தமிழ்ப்பள்ளிகள் இருந்தன. இன்று ஏறத்தாழ 530. எண்ணிக்கை குறைந்ததைப் பற்றி நிறைய பேசுகிறோம். அந்த 888-இல் எத்தனையில் கூரை ஒழுகாமல் இருந்தது என்று பாட்டி கேட்பார்.

ஊருக்குள் நிலைமை கொஞ்சம் வேறு. 1954-இல் சம்பந்தன் முயற்சியில் மகாத்மா காந்தி கலாசாலை எழுந்தது. அதைத் திறந்துவைத்தவர் நேருவின் தங்கை விஜயலட்சுமி பண்டிட். ஒரு சின்ன ஊரின் தமிழ்ப்பள்ளியைத் திறக்க உலகம் அறிந்த ஒரு பெண்மணி வந்தார் என்பது தோட்டத்து லயங்கள் வரை பேச்சாக இருந்ததாம். பாட்டிக்கு அப்போது 6 வயது. அவர் அங்கே போகவில்லை, பார்க்கவும் இல்லை. ஆனால் அவருடைய அம்மா அன்று சொன்ன ஒரு வார்த்தையைக் கடைசி வரை சொல்லிக்கொண்டிருந்தார்: "பொம்பள வந்துதான் தொறந்துச்சாம்."

பாட்டி ஊருக்கு வந்து இடைநிலைப்பள்ளி முடித்து, 1968-இல் ஒரு தோட்டப்பள்ளியில் தற்காலிக ஆசிரியையாகச் சேர்ந்தார். பயிற்சியெல்லாம் பிறகுதான். வகுப்பில் நின்றுகொண்டே ஆசிரியராகக் கற்றுக்கொண்ட தலைமுறை அது. நான் தஞ்சோங் மாலிமில் சுல்தான் இட்ரிஸ் கல்வியியல் பல்கலைக்கழகத்தில் படிக்கிறேன். எங்கள் வளாகத்தின் பழைய கட்டடம் 1922-இல் மலாய் ஆண் ஆசிரியர்களைப் பயிற்றுவிக்கக் கட்டப்பட்டது. முதலாம் ஆண்டில் பாட்டியை அங்கே அழைத்துப் போனேன். தூண்களைத் தொட்டுப் பார்த்துவிட்டு, "இவ்வளவு பெரிய இடத்துலயா வாத்தியார் வேலை சொல்லித் தராங்க?" என்று கேட்டார்.

குறைந்த சம்பளம்

பாட்டியின் பிஸ்கட் டின்களில் ஒன்று முழுக்கக் காகிதம். அதில் பழைய சம்பளச் சீட்டுகளும் இருந்தன. அவற்றைப் பற்றி முன்பே ஒரு முறை சொல்லியிருக்கிறார். அவரோடு அதே மாதம், அதே தகுதியோடு ஓர் ஆண் ஆசிரியரும் சேர்ந்தாராம். அவருடைய சம்பளம் பாட்டியுடையதைவிடக் கூடுதல். காரணம் கேட்டதற்கு எழுத்தர், "அவரு குடும்பத்தக் காப்பாத்தணும்ல" என்றாராம். பாட்டி அப்போது தன் அம்மாவையும் மூன்று தம்பிகளையும் காப்பாற்றிக்கொண்டிருந்தார்.

இது அந்த ஒரு பள்ளியின் வழக்கம் அன்று. நாடு முழுதும் அரசாங்கச் சம்பளமே அப்படித்தான் இருந்தது. ஒரே வேலைக்கு ஆணுக்கு ஒரு சம்பளம், பெண்ணுக்குக் குறைந்த சம்பளம். திருமணம் ஆகிவிட்டால் இன்னும் மோசம். அரசாங்க வேலையில் இருந்த பெண் நிரந்தரப் பணியை இழந்து, மாதத்துக்கு மாதம் புதுப்பிக்கும் தற்காலிக ஊழியர் ஆகிவிடுவார். பாட்டிக்கு மூத்த ஆசிரியை ஒருவர் இதற்குப் பயந்து கல்யாணத்தைத் தள்ளிப்போட்டுக்கொண்டே போய், கடைசியில் செய்துகொள்ளவே இல்லை என்று பாட்டி சொல்வார்.

இதை மாற்றப் போராடியவர்களில் முன்னின்றவர் ராசம்மா பூபாலன். இந்தப் பெயரை நம்மில் எத்தனை பேர் கேட்டிருக்கிறோம்? நான் பல்கலைக்கழகம் வந்த பிறகுதான் கேட்டேன். அவரும் பேராக்காரர்தான், 1927-இல் ஈப்போவில் பிறந்தவர். 16 வயதில் நேதாஜியின் ஜான்சி ராணிப் படையில் சேர்ந்து பர்மா வரை போய் வந்தவர். பிறகு துப்பாக்கியை விட்டுச் சுண்ணக்கட்டியை எடுத்தார். 1960-இல் பெண் ஆசிரியர் சங்கத்தைத் தொடங்கி, சம வேலைக்குச் சம ஊதியம் என்ற கோரிக்கையைப் பல ஆண்டுகள் விடாமல் நடத்தினார். 1960-களின் இறுதியில் அரசாங்கம் அதை ஏற்றுக்கொண்டது.

பாட்டி எந்தப் பேரணிக்கும் போனவர் இல்லை. ராசம்மாவை நேரில் பார்த்ததும் இல்லை. ஆனால் சம்பளம் உயர்ந்து வந்த முதல் சீட்டைத் தனியாக ஒரு பிளாஸ்டிக் உறையில் வைத்திருந்தார். மற்ற சீட்டுகளெல்லாம் ரப்பர் வளையம் போட்ட கட்டுக்குள் கிடந்தன.

மூன்றிலை வாய்ப்பாடு

அவருடைய பள்ளியில் பிள்ளைகள் குறைவு. இரண்டு, மூன்று ஆண்டுப் பிள்ளைகள் ஒரே அறையில் இருப்பார்கள். முதலாம் ஆண்டுக்கு எழுத்து, மூன்றாம் ஆண்டுக்குக் கணக்கு, இரண்டையும் ஒரே நேரத்தில் நடத்த வேண்டும். பாடத் துணைப்பொருள் என்று எதுவும் கிடையாது. பள்ளியைச் சுற்றி ரப்பர் மரம் மட்டும் உண்டு. பாட்டி அதையே எடுத்துக்கொண்டார்.

ரப்பர் மரத்தில் ஒரு காம்புக்கு மூன்று இலை. எப்போதும் மூன்றுதான். ஒரு காம்பைத் தூக்கிக் காட்டினால் மூன்று. இரண்டு காம்பு, ஆறு. பத்துப் பிள்ளைகள் ஆளுக்கொரு காம்போடு வரிசையில் நின்றால் மூன்றாம் வாய்ப்பாடு முடிந்தது. கூட்டல் கழித்தலுக்கு ரப்பர் விதை. வெயில் நாளில் காய் வெடித்து விதை கூரைமேல் விழும் சத்தம் கேட்டதும் பிள்ளைகள் ஓடிப் பொறுக்குவார்களாம். "எங்க பள்ளிக்கு வானத்துலருந்து கணக்கு விழும்" என்று பாட்டி சிரிப்பார். எங்கள் விரிவுரையாளர் தொட்டுணரும் பொருளைக் கொண்டு கணிதம் கற்பிப்பது பற்றி மூன்று வாரம் பாடம் நடத்தினார். நான் மனத்துக்குள் பாட்டியைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன்.

மாலையில் பள்ளி வேறு இடமாகிவிடும். 1968-இல் இயற்றப்பட்ட வேலைக் கட்டுப்பாட்டுச் சட்டத்தால், குடியுரிமை இல்லாதவர்கள் வேலை செய்ய அனுமதிச் சீட்டு வாங்க வேண்டி வந்தது. தோட்டங்களில் பலர் இங்கேயே பிறந்தவர்கள் அல்லது பல பத்தாண்டுகள் இருந்தவர்கள். தகுதி இருந்தும் விண்ணப்பிக்காமல் சிவப்பு அடையாளக் கார்டோடு இருந்தார்கள். படிக்கத் தெரியாதவருக்குப் பாரம் எங்கே, அலுவலகம் எங்கே? ஆயிரக்கணக்கானோர் மூட்டையைக் கட்டிக்கொண்டு நாகப்பட்டினத்துக்குக் கப்பலேறினார்கள். மீதமிருந்தவர்களில் சிலர் பள்ளி வாசலில் வந்து நின்றார்கள். டீச்சரம்மா பாரம் நிரப்பிக் கொடுத்தார். ஒரு பாட்டையாவுக்குத் தான் பிறந்த தேதியே தெரியவில்லையாம். "நெற்றியில கை வச்சு யோசிச்சாரு, கடைசியில ஒரு பெரிய வெள்ளம் வந்த வருஷம்னு சொன்னாரு. அதை எப்படிப் பாரத்துல எழுதுறது?"

தோட்டங்கள் துண்டு துண்டாக விற்கப்பட்டு மக்கள் வெளியேற்றப்பட்ட காலம் அது. 1960-இல் சம்பந்தன் தொடங்கிய தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கத்துக்கு மாதம் 10 வெள்ளி கட்டித் தோட்டம் வாங்கலாம் என்ற செய்தியைப் பாட்டி பத்திரிகையில் இருந்து சத்தமாக வாசித்துக் காட்டுவார். தாத்தா தோட்டத்து ஸ்டோர் கிராணி. கணக்குப் புத்தகத்தில் அந்த 10 வெள்ளியைத் தனிப் பத்தியில் எழுதி வைத்தவர். எனக்கு அவரைத் தெரியாது. நான் பிறப்பதற்கு முன்பே போய்விட்டார்.

வாளி

பூ செய்யக் கற்றது எப்போது என்று பாட்டி தெளிவாகச் சொன்னதில்லை. பள்ளிப் பரிசளிப்பு விழாவுக்கு மேடை அலங்கரிக்கக் காசில்லாத ஓர் ஆண்டில் தொடங்கியது என்பது மட்டும் தெரியும். தென்னங்குருத்துத் தோரணம், மணிப்பின்னல், குரோஷே எல்லாம் அவருக்கு வரும். ஆனால் பெயர் வாங்கித் தந்தது இலைப் பூதான். பூ விற்ற காசில் சில பிள்ளைகளுக்குப் பேருந்துக் கட்டணமும் காலணியும் வாங்கினார். நான் சொல்லவில்லை, குவளைகளின் அடியில் இருந்த பெயர்களில் ஒருவர் இரங்கல் வீட்டில் சொன்னார்.

செய்முறை சொல்வதற்கு எளிது. முற்றிய இலையைப் பறித்து மூடிய வாளியில் வாரக்கணக்கில் ஊறவைக்க வேண்டும். நுண்ணுயிர்கள் இலையின் மென்மையான சதையைத் தின்றுவிடும். நரம்பில் லிக்னின் என்ற மரச்சத்து இருப்பதால் அது அவ்வளவு சுலபத்தில் அழுகாது. பிறகு மெதுவாகத் தூரிகையால் தேய்த்தால் சதை வழிந்து நரம்பு வலை மட்டும் நிற்கும். குளோராக்ஸ் கலந்த நீரில் வெளுத்து, அலசி, தொலைபேசிப் புத்தகத்தில் அழுத்திக் காயவைத்து, சாயம் ஏற்றி, கம்பியில் இதழ் இதழாகக் கட்டினால் ரோஜா. நாடு முழுதும் பல இடங்களில் செய்கிறார்கள். தென் தாய்லாந்திலும் உண்டு. பாட்டி கண்டுபிடித்தது ஒன்றுமில்லை. ஆனால் அவர் செய்த பூவில் தையலோ பசையோ கண்ணுக்குத் தெரியாது.

அம்மாவுக்கு அந்தப் பூக்கள் பிடிக்காது.

இதை எழுதலாமா என்று அம்மாவிடம் கேட்டேன். "எழுது, உண்மைதானே" என்றார். அம்மா பாட்டியின் பள்ளியிலேயே படித்தவர். மூன்று ஆண்டுகள் பாட்டியின் வகுப்பிலேயே இருந்தவர். பள்ளி வாசலைத் தாண்டினால் அம்மாவை அம்மா என்று கூப்பிடக் கூடாது, டீச்சர் என்றுதான் கூப்பிட வேண்டும். வகுப்பில் சத்தம் போட்டால் முதல் அடி சொந்த மகளுக்குத்தான். "பாரபட்சம்னு ஊர் சொல்லக் கூடாதுன்னு என்னை ரெண்டு மடங்கு அடிப்பாங்க." ஒருநாள் வீட்டுச் சமையலறையில் வாய் தவறி, "டீச்சர், பசிக்குது" என்று கேட்டுவிட்டாராம். பாட்டி கரண்டியைக் கீழே வைத்துவிட்டுச் சிரித்தார். அம்மா சிரிக்கவில்லை. 40 ஆண்டுகளுக்குப் பிறகு அதை எனக்குச் சொன்னபோதும் சிரிக்கவில்லை.

வீட்டுக்குப் பின்னால் எப்போதும் அந்த வாளி. மூடி திறந்தால் நாற்றம். தோழிகளை வீட்டுக்கு அழைக்க முடியாது. இரவு சாப்பாடு முடிந்ததும் பாட்டி பூவோடு உட்கார்ந்துவிடுவார். ஊர்ப் பிள்ளைகளின் மேடைக்கெல்லாம் பூ செய்தவர், அம்மாவின் பிறந்தநாளுக்குக் கடையில் வாங்கிய அட்டையைத் தருவார். நல்ல ஆசிரியரைப் பற்றிப் பேசும்போது அவருடைய வீட்டில் இருந்த பிள்ளைகளிடமும் ஒரு வார்த்தை கேட்க வேண்டும் என்று எனக்கு அன்று தோன்றியது. 12 குவளைகளை அம்மா அன்றைக்கே பெட்டியில் போட்டுக் கட்டிவிட்டார். பெயர்களைப் படிக்கக்கூட இல்லை.

எனக்கும் ஒரு கணக்கு பாக்கி இருக்கிறது. படிவம் 1-இல், என் இடைநிலைப்பள்ளி ஆசிரியர் தினத்துக்குப் பாட்டி ஒரு கொத்து இலைப் பூ செய்து கொடுத்தார். இளஞ்சிவப்பு. பேருந்தில் மடியில் வைத்துக்கொண்டுதான் போனேன். வகுப்பில் பார்த்தால் மற்றவர்கள் பளபளப்பான தாளில் சுற்றிய சாக்லேட்டோடு நிற்கிறார்கள். "அது என்ன, காய்ஞ்ச இலையா?" என்று யாரோ கேட்டார்கள். பூவைப் பைக்குள் திணித்தேன். மாலையில் எடுத்தபோது நசுங்கிக் கிடந்தது. ஆசிரியருக்கு மிகவும் பிடித்தது என்று பாட்டியிடம் பொய் சொன்னேன். மறு ஆண்டு மே மாதம் அவர் இன்னும் பெரிய கொத்து செய்து வைத்திருந்தார்.

சென்ற தீபாவளிக்கு வீட்டுக்கு வந்தபோது, அவர் செய்வதைக் கைப்பேசியில் காணொளி எடுக்கிறேன் என்று நானே சொன்னேன். பாட்டி வாளியைக் கழுவிக்கூட வைத்தார். எனக்கு இரண்டு ஒப்படைப்புகள் இருந்தன. "செமஸ்டர் முடியட்டும் பாட்டி" என்றேன். மூன்று வாரத்தில் அண்ணன் அழைத்தான்.

பழைய தண்ணீர்

டின்னில் ஒரு பள்ளி நோட்டுப் புத்தகம் இருந்தது. அதில் பாட்டியின் வட்ட வட்டமான எழுத்தில் செய்முறை. "இளந்தளிர் கூடாது. கரும்பச்சை. பூச்சி அரித்தது கூடாது. நிழலில் வை. மூடி போடு. 5 வாரம்." அடுத்த பக்கத்தில் சாயக் கலவை. அவ்வளவுதான். வேலை தெரிந்தவர் தனக்காக எழுதிய குறிப்பு அது. தெரியாதவருக்குப் பாதி இல்லை.

டிசம்பரில் முயன்றேன். ரப்பர் மரம் கிடைப்பதே பெரிய பாடு. பாட்டி வேலை செய்த தோட்டம் எப்போதோ செம்பனைக்கு மாறிவிட்டது. லிந்தாங் சாலையில் ஒரு சிறுதோட்டக்காரர் அனுமதி கொடுத்தார். "இலையா? பால் வேணாமா?" என்று இரண்டு முறை கேட்டார். 60 இலை பறித்து, வாளியில் குழாய்த் தண்ணீர் ஊற்றி, மூடி வைத்தேன். அம்மா திட்டுவாரே என்று நாற்றம் வராமல் இருக்க, வீட்டில் இருந்த நாள்களில் தண்ணீரை மாற்றினேன். நான் இல்லாதபோது அண்ணனை மாற்றச் சொன்னேன்.

ஐந்து வாரம் கழித்துத் திறந்தால் இலைகள் தோல் மாதிரி அப்படியே இருக்கின்றன. தேய்த்தேன், கிழிந்தன. மெதுவாகத் தேய்த்தேன், சதை வரவே இல்லை. 60 இலையில் ஒன்றுகூடத் தேறவில்லை. பின்கதவுப் படியில் உட்கார்ந்து அழுதேன் என்பதை இங்கே ஒப்புக்கொள்கிறேன். இலைக்காக மட்டும் அழவில்லை.

அம்மா துணி காயப்போட வந்தவர் வாளியை எட்டிப் பார்த்தார். மோந்தும் பார்த்தார்.

"நாத்தமே இல்லையே" என்றார்.

"தண்ணிய மாத்திக்கிட்டே இருந்தேன்மா."

"யாரு மாத்தச் சொன்னா? பழைய தண்ணி ஊத்தலையா?"

எனக்குப் புரியவில்லை. அம்மா துணிக் கூடையைக் கீழே வைத்தார். ஒவ்வொரு முறை வாளியைக் காலி செய்யும்போதும் பாட்டி இரண்டு செம்பு பழைய நீரை ஒரு பாட்டிலில் எடுத்து வைப்பாராம். புது இலை போடும்போது அதை ஊற்றுவாராம். தயிருக்கு உறை மோர் மாதிரி. பாட்டிலைப் பிடித்துக்கொண்டு மூக்கைப் பொத்தி நிற்பது அம்மாவின் வேலை. 7 வயதிலிருந்து.

"பாட்டில் இப்ப இல்லையேம்மா."

"மொத மொதல்ல பாட்டில் எங்கேருந்து வந்துச்சு? ரப்பர் மரத்தடி வாய்க்காலுக்குப் போவோம். இலை விழுந்து அழுகிக் கறுப்பா கிடக்கும்ல, அந்தத் தண்ணி. குழாய்த் தண்ணியில குளோரின் இருக்கு, அதுல எது உயிரோட இருக்கும்?"

அறிவியல் படித்தது நான். சொன்னது அம்மா.

ரப்பர் மரம் பிப்ரவரி, மார்ச்சில் இலை உதிர்க்கும். அதற்குப் பின் வருவதெல்லாம் செம்பு நிறத் தளிர். அது முற்ற நாளாகும். இலையுதிர்வதற்குள் பறித்தாக வேண்டும். ஜனவரிக் கடைசியில் அதே சிறுதோட்டத்துக்குப் போனோம். இந்த முறை அம்மாவும் வந்தார். சேலைத் தலைப்பை இடுப்பில் செருகிக்கொண்டு, வாய்க்கால் ஓரத்தில் குந்தி, ஒரு காலி மினரல் வாட்டர் பாட்டிலில் கறுப்புத் தண்ணீர் மொண்டார். இலை பறிக்கும்போது என் கையைத் தட்டிவிட்டார். தனித்தனி இலையாகப் பறிக்கக் கூடாதாம், காம்போடு பறிக்க வேண்டுமாம். காம்பு இருந்தால்தான் தேய்க்கும்போது பிடிக்க வசதி. நோட்டில் இதுவும் இல்லை.

நான் தஞ்சோங் மாலிம் திரும்பிவிட்டேன். வாளியை அம்மா பார்த்துக்கொண்டார். இரண்டாம் வாரம் குறுஞ்செய்தி வந்தது: "நாத்தம் வந்துருச்சு."

நோன்புப் பெருநாள் விடுமுறைக்கு வந்தபோது மூடியைத் திறந்தோம். பக்கத்து வீட்டுக்காரர் சன்னலைச் சாத்தினார். அம்மா பிஸ்கட் டின்னிலிருந்து பல் தூரிகை ஒன்றை எடுத்து, காம்பை இடது கையில் பிடித்து, இலையை ஒரு பழைய தட்டில் பரப்பி, நடு நரம்பிலிருந்து ஓரத்துக்குத் தேய்த்தார். ஓரத்திலிருந்து நடுவுக்கு வரக் கூடாதாம். சதை பச்சைச் சேறுபோல வழிந்தது. கீழே தட்டில் இருந்த பூ வேலைப்பாடு இலையின் ஊடே தெரியத் தொடங்கியது.

எடுத்த 40 காம்புகளில் பல என் கையில்தான் கிழிந்தன. முழுதாகத் தேறியவை 11 காம்பு. அவற்றை அலசித் தொலைபேசிப் புத்தகத்தில் வைத்தபோது அம்மா, "எத்தனை இலை?" என்று கேட்டார். நான் எண்ணத் தொடங்கினேன்.

"எண்ணாதே. வாய்ப்பாடு சொல்லு" என்றார்.

வாளியைக் கவிழ்ப்பதற்கு முன் இரண்டு செம்பு எடுத்துப் பாட்டிலில் ஊற்றி மூடினார். அது இப்போது பின்கதவு ஓரம், பாட்டியின் எனாமல் குவளைக்குப் பக்கத்தில் இருக்கிறது.